இரண்டு முறை விழுந்த எழுத்து

ஒரு தடவை தட்டினால் எழுத்து இரண்டு தடவை விழுந்தது. R தட்டினால் RR. A தட்டினால் AA. சுகுமாறன் அதைப் பார்த்து மூக்கால் சிரித்தான். பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கோளாறு இது: தட்டிய எழுத்தை இந்தப் பக்கத்து இயந்திரமும் காட்டும், அந்தப் பக்கத்து இயந்திரமும் திருப்பிக் காட்டும். இரண்டில் ஒன்றை நிறுத்தினால் வேலை முடிந்தது. இதைக்கூடச் சரிசெய்யத் தெரியாமல் இணையத்தில் ஒப்பாரி வைக்கிற கூட்டத்தை நினைத்தாலே அவனுக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அவனுடைய பட்டறை. ஒரே கதவு, ஒரே ஜன்னல், சுவர் முழுக்கச் செத்த கணினிகள். பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள்தான் பதினைந்து வருடங்களாக அவனுக்குச் சோறு போட்டார்கள். அதற்காக அவர்களை மதிக்க வேண்டும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

இன்று மேசையில் கிடந்தது கிள்ளானிலிருந்து ஒரு கிழவி கொண்டுவந்தது. எண்பதுகளில் வந்த வீட்டுக் கணினி. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டி. முந்தாநாள் அந்தக் கிழவி இராஜம்மா அதைக் குளிக்கிற துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்தபடி படியேறி வந்தாள். முப்பது வருடங்களுக்கு முன் செத்துப்போன அவள் புருஷன் சிவநேசனுக்கு நரம்பு நோய். முதலில் குரல் போனது, பிறகு கைகால். கடைசியில் ஒரே ஒரு விரல் மட்டும் மிஞ்சியது. படுக்கையில் கிடந்தபடி அந்த விரலால் அவர் இதில் தட்டுவார். நீள வயர் வழியாக எழுத்து ஓடி, சமையலறைத் திரையில் அவளுக்குத் தெரியும். தட்டியதெல்லாம் டிஸ்க்கிலும் பதிவாகும்.

“கடைசி நாளு மத்தியானம் நான்தான் குசினி ஸ்கிரீனை அணைச்சிட்டேன், தம்பி,” என்றாள். “ரொம்ப அசதி. ஒரு மணி நேரம் படுக்கலாம்னு நெனச்சேன். எழுந்து போய் பார்த்தா அவரு இல்லே. இப்ப வீட்டை வித்துட்டு மக கூட ரவாங் போறேன். அதுக்குள்ள தெரியணும். அந்த ஒரு மணி நேரத்துல என்னா எழுதினாரு? வலியில துடிச்சாரா?”

“முப்பது வருஷமா தெரியாம நல்லாத்தானே இருந்தீங்க, ஆன்டி?”

அவள் துண்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றியதும் பெட்டிக்கு உயிர் வந்தது. கிள்ளானில் தூசி தின்றுகொண்டிருக்கும் சமையலறைத் திரைக்குப் பதிலாக, தன் லேப்டாப்பை அந்தத் திரைபோல நடிக்கவைத்து, ஒரு கேபிளால் இரண்டையும் இணைத்தான். முதலில் குப்பையாக எழுத்துகள் கொட்டின. வேகத்தைச் சரிசெய்தான், குப்பை நின்றது. பிறகுதான் இந்த இரட்டை எழுத்து. லேப்டாப்பில் எழுத்தைத் திருப்பிக் காட்டும் எதிரொலியை நிறுத்தினான், போகவில்லை. பெட்டியிலும் நிறுத்தினான், அப்போதும் போகவில்லை. எப்படியோ தொலையட்டும் என்று, கிழவி கொடுத்த டிஸ்க்கைப் போட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்தான்.

எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாததால் மனுஷன் தமிழை இங்கிலீஷில் எழுதியிருந்தார். சுகுமாறனுக்கு அறவே பிடிக்காத பிழைப்பு அது. RAJAM. RAJAM. RAJAM. அதற்குக் கீழே VALI ILLE. அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. முழுசாகப் படிக்கக்கூடப் பொறுமையில்லாமல் போனை எடுத்தான்.

“ஆன்டி, பார்த்துட்டேன். வலி இல்லைன்னு எழுதியிருக்காரு. போதுமா?”

“நெசமாவா, தம்பி? வலி இல்லைன்னா சொல்லியிருக்காரு?”

“அதான் சொல்லிட்டேன்ல? வலி இல்லே லா. நான் என்ன கதையா கட்டுறேன்?”

அழுகை தொடங்கியதும் போனை வைத்துவிட்டான். டிஸ்க்கை வெளியே எடுத்தான். பெட்டியை அணைத்துவிட்டு சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால் முப்பது வருடத்துப் பிளாஸ்டிக் ஒன்று தன்னை ஏய்ப்பதா என்ற வீம்பு விடவில்லை. மணி மூன்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கீழ்க்கடையின் தகரத்தில் அது அறைகிற சத்தமும், நனைந்த மல்லிகை வாடையும், சூடேறிய பழைய தூசியின் வாடையும் அறைக்குள் ஒன்றாகக் கலந்து நின்றன. கேபிளைப் பிடுங்கி மேசைமேல் போட்டான். இனி பெட்டியில் எதைத் தட்டினாலும் லேப்டாப்புக்குப் போகாது. R தட்டினான்.

லேப்டாப்பில் முதல் R விழவில்லை. அது நியாயம்.

கொஞ்சம் பொறுத்து, இரண்டாவது R விழுந்தது.

அவன் கேபிளைப் பார்த்தான். மேசைமேல் கிடந்தது, இரண்டு முனையும் அவன் கண்ணெதிரில். மின்கசிவு, ஈரம், மழை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாடிக்கையாளர் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பான். விசைப்பலகையிலிருந்து இப்போது வேறொரு வாடை எழுந்தது. தைலம். வெகுநாள் மாற்றாத படுக்கை. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

கையை எடுத்த பிறகும் எழுத்து வந்தது.

ஒவ்வொன்றாக வந்தது, ஒரே விரல் தேடித் தேடித் தட்டும் இடைவெளியில். VALI ILLE. அடுத்த வரி. KATHAVU ILLE. அடுத்த வரி. JANNAL ILLE.

கதவு இல்லே. ஜன்னல் இல்லே.

இங்கிலீஷில் ழகரம் கிடையாது. இங்கே எல்லாவற்றுக்கும் அதே L-தான் போடுவார்கள். மனுஷன் வலியைப் பற்றி எழுதவே இல்லை. வழி. வழி இல்லே. செத்துக்கொண்டிருந்தவன் எங்கே மாட்டிக்கொண்டானோ, அங்கிருந்து கூப்பிட்டிருக்கிறான். கிழவி தூங்கினாள். நான் பாதி படித்துவிட்டுக் கதை கட்டினேன் என்று அவனுக்கு உறைத்தது.

மழைச் சத்தம் கேட்கவில்லை. ஓய்ந்ததுபோல் இல்லை, காதில் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தான்.

கதவில் மாட்டியிருந்த குடை சுவரில் தொங்கியது. அதைச் சுற்றி வெறும் சுவர். ஜன்னல் இருந்த இடத்திலும் சுவர்.

கத்தினான். காற்றுதான் வந்தது. எழப் பார்த்தான். கால் எழவில்லை. இடது கை மடியில் விழுந்து அங்கேயே கிடந்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது.

மேசையில் போன் அடித்தது. அந்த விரலால் தேய்த்து எடுத்தான். ஸ்பீக்கரில் இராஜம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

“தம்பி! குசினி ஸ்கிரீன் எரியுது, தம்பி! வயரே சொருகலே. பச்சையா எழுத்து வருது. VALI ILLE-ன்னு வருது. நீங்க சொன்னது சரிதான். வலி இல்லையாம்!”

இல்லை. அது இல்லை. அவளுக்குச் சொல்ல வேண்டும். யார் தட்டுவது என்று தெரிந்தால் ஆளை அனுப்புவாள், பூட்டை உடைப்பார்கள். பேர். பேர் போதும். விரல் கையை விசைப்பலகைக்கு இழுத்துக்கொண்டு போனது.

S.

“எஸ்...” என்று அவள் படித்தாள்.

U.

“யூ...”

K. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

“கே... சுகம்!” இராஜம்மா பெருமூச்சு விட்டாள். “சுகமா இருக்கேன்னு சொல்ல வர்றாரு. போதுங்க. கஷ்டப்பட்டுத் தட்டாதீங்க. முப்பது வருஷமா நான் சரியா தூங்கலே. இன்னைக்குத் தூங்குவேன். ஸ்கிரீனை அணைச்சிடறேன், சரியா?”

டக்.

போன் இருண்டது. லேப்டாப்பில் SUK என்று நின்றது. சுகுமாறன் U-வை அழுத்தினான். எதுவும் விழவில்லை. மறுபடி அழுத்தினான்.

விசை ஒரு தடவை சத்தமிட்டது.

பக்கத்தில், தோளுக்கு மிக அருகில், தைல வாடையோடு, அவசரமே இல்லாமல், இரண்டாவது தடவை.