நர்ஸின் கையுறை

"எங்கண்ணன்கூட ஒரே அறையில நிக்கறதே எனக்குப் பெரிய விஷயம். இதுல போலீஸை வேற கூப்பிடறேன்னு குதிக்கிறார். உடனே வாங்க" என்று அருங்காட்சியகப் பொறுப்பாளரான அம்மாள் போனில் பொரிந்து தள்ளினார். துப்பறிவாளர் எழுந்து சட்டையை மாட்டுவதற்குள் அவருடைய மச்சினன் செருப்போடு வாசலில் நின்றான். அத்தானுக்கு முன்னால் ஒருமுறையாவது குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவனது தீராத ஆசை.

போர்க்கால மருத்துவ அருங்காட்சியகம் என்று பெயர்தான் பெரிது. உள்ளே மூன்றே அறைகள். போரின்போது அந்த வீடுதான் ஆஸ்பத்திரி. அங்கே அறுவை சிகிச்சை செய்து பேர் வாங்கிய டாக்டரின் பிள்ளைகள்தான் இந்த அண்ணனும் தங்கையும். அண்ணன் ஓய்வுபெற்ற வக்கீல். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மொடமொடவென்று நின்றது; ஆள் அதைவிட விறைப்பாக நின்றார்.

கண்ணாடி அலமாரிக்குள் ஒரு குப்பி உடைந்து கிடந்தது. வருகிறவர்கள் முகர்ந்து பார்க்கட்டும் என்று தங்கை அதில் புது டிங்சர் அயோடின் ஊற்றி வைப்பாராம். அதற்குப் பின்னால் இருந்த ரப்பர் கையுறைகளைக் காணோம்.

"போர் நடுவுலயே அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துடுச்சு. அப்புறம் கத்தியைப் பிடிச்சது நர்ஸம்மாதான். அதுக்கு இருக்கற ஒரே சாட்சி அந்தக் கையுறை. இன்னிக்கு சாயங்காலம் அவங்க பேரைப் போட்டுப் பலகை திறக்கறோம். கையுறை இல்லாம அதை யார் நம்புவாங்க?" என்றார் தங்கை.

"கட்டுக்கதை!" என்று வக்கீல் சீறினார். "காலையிலேருந்து நானும் இங்கதான் இருந்தேன். வெளியாள் இவ ஒருத்திதான்."

அவர் கைகாட்டியது நர்ஸின் மகளை. பஸ் கண்டக்டர், அவர் குரலுக்கு விசில் தேவையில்லை. "நான் குடுத்த பொருளை நானே எதுக்குய்யா திருடணும்?"

மச்சினன் பாய்ந்தான். "எல்லாரும் கையை நீட்டுங்க!"

நர்ஸின் மகளுடைய விரல் நுனிகள் பழுப்பாக இருந்தன. வக்கீலின் கைகள் சுத்தம். சட்டைக் கைநுனியில் மட்டும் கருநீலமாக ஒரு புள்ளி.

"மைக்கறை. வக்கீல் சட்டையில மை இல்லாட்டித்தான் அதிசயம்" என்றார் அவர்.

"அத்தான், அந்தம்மாதான்! அயோடின் பழுப்பு!" என்று மச்சினன் கூவினான்.

"வாயைக் கழுவு தம்பி. கண்ணாடியைப் பொறுக்கினேன், ஒட்டிக்கிச்சு" என்றார் நர்ஸின் மகள்.

"ஆமா, என் கண்ணு முன்னாலதான் பொறுக்கினாங்க" என்றார் தங்கை. மச்சினனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வக்கீல் போலீஸுக்கு டைப் அடித்திருந்த புகாரை நீட்டி வைத்து, "பேனா இருந்தா குடு" என்று அவனிடமே வாங்கிக் கையெழுத்திட்டார். தங்கை எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தார். எல்லோருக்கும் கிடைத்தது, அண்ணனைத் தவிர.

"பாவம், இதை நீங்க எடுத்துக்குங்க" என்று துப்பறிவாளர் தன் டம்ளரை வக்கீலிடம் நீட்டினார். நீட்டியவர் அப்படியே அந்தக் கைநுனியில் சாய்த்தார்.

"அறிவிருக்கா உமக்கு?" என்று கத்திய வக்கீல் கையைப் பார்த்ததும் அடங்கினார். கருநீலப் புள்ளி வெளிறிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே ஈரம் மட்டுமே மிச்சம்.

"மையா இருந்தா பரவியிருக்கும், மறைஞ்சிருக்காது" என்றார் துப்பறிவாளர் நிதானமாக. "மாப்ளே, நீ பழுப்பைத் தேடினே. தோல்ல பட்டா அயோடின் பழுப்புதான். கஞ்சியில பட்டா கருநீலம். எலுமிச்சை பட்டா அந்த நீலம் போயிடும். இங்க கஞ்சிச் சட்டை ஒண்ணுதான் இருக்கு. பேனாவே கொண்டுவராதவருக்கு மைக்கறை எங்கேருந்து வந்துச்சுன்னு அப்பவே தோணிச்சு. சார் கையை ஸ்பிரிட்ல துடைச்சுட்டார். சட்டையில பட்டது அயோடின்னு அவருக்கே தெரியல. பழுப்பா இருந்திருந்தா சட்டையை மாத்தியிருப்பார்."

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினார். "எங்க வெச்சிருக்கே? சொல்லு!"

வக்கீல் தன் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எரிக்கத்தான் எடுத்தேன். எனக்கு அப்பாவோட பெரிய கைன்னு சொல்லுவாங்க. கையுறையை உள்ளங்கையில வெச்சுப் பார்த்தேன். குழந்தை கையாட்டம் இருந்துச்சு. எரிக்க முடியல."

பொட்டலம் பிரிந்தது. பழைய ரப்பர் வற்றிக் கறுத்திருந்தது. இடது ஆள்காட்டி விரலில் ஒட்டுக்குமேல் ஒட்டு. புதுக் கையுறை கிடைக்காத காலம். கிழியக் கிழிய ஒட்டியிருக்கிறார்கள்.

"கருவி எடுத்துக் குடுக்கறவங்களுக்கு அந்த விரல்ல இத்தனை ஓட்டை விழாது" என்றார் துப்பறிவாளர். "வலது கையில ஊசி பிடிச்சுத் தையல் போடறவங்களுக்குத்தான் இடது விரல்ல குத்திக் குத்தி விழும்."

நர்ஸின் மகள் கையுறையைத் தொடாமல் அதற்கு மேலே தன் இடது கையை விரித்துப் பிடித்தார். விரலுக்கு விரல் சரியாக இருந்தது. இந்தக் கையையா திருட்டுக் கை என்றோம் என்று மச்சினனுக்கு வெட்கமாயிருந்தது.

தங்கை புகாரைச் சுக்குநூறாகக் கிழித்தார். "சாயங்காலம் இந்தப் பக்கம் வந்துடாதே."

"அப்பா பேரைக் கெடுத்துட்டீங்க" என்று வக்கீல் பல்லைக் கடித்தார். "எல்லாருமாச் சேர்ந்து கெடுத்துட்டீங்க."

நர்ஸின் மகள் கையை எடுக்கவில்லை. "எங்கம்மா பேரைக் கெடுக்க யாராலயும் முடியாது சார். அது எங்கயாவது இருந்தாத்தானே கெடுக்க?"