சமாரியத்தின் கோடுகள்

2022 நவம்பர் 9, காலை 10.20. தூத்துக்குடி துறைமுகத்தை அடுத்த ஒரு சரக்குப்பெட்டகக் கிடங்கின் வாசலில் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. பழைய இரும்பு ஏற்றிவந்த லாரி நிறுத்தப்பட்டது.

அதற்குப் பின்னால் நின்ற ஆட்டோவில் பெனிஷா இருந்தாள். நாசரேத்துக்காரி, அணுக்கரு இயற்பியலில் ஆய்வு மாணவி. கப்பலில் வந்த ஆய்வுக்கருவியை வாங்கிப்போக வந்தவள். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏலே வளன், இன்னும் எத்தன தடவ சுத்துவ?" லாரி டிரைவர் இசக்கிராஜா சலித்துக்கொண்டார்.

வாசலில் கதிர்வீச்சைச் சோதிக்கும், மழைக்கோட்டு போட்ட இளைஞன் கையிலிருந்த கருவியைப் பார்த்தபடியே சொன்னான். "எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணுபோலக் காட்டுது அண்ணாச்சி... உள்ள என்னமோ இருக்கு. சென்னையிலேர்ந்து ஆளு வரணும்."

"வெளங்கிரும்!" டிரைவர் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

எந்தப் பக்கமும் ஒரே அளவா? பெனிஷா திரையை எட்டிப் பார்த்தாள். நாலு வருடமாகத் தினமும் பார்க்கும் கோடுகள்... யூரோப்பியம் சிதைந்து சமாரியம் ஆகும்போது, அந்த அணுக்கரு கிளர்ந்த நிலையில் பிறக்கும். முழு உருண்டையாகவும் இல்லாமல், நீண்ட முட்டையாகவும் நிலைக்காமல், அதிர்ந்தபடியே படிப்படியாக அடங்கும். ஒவ்வொரு படிக்கும் திரையில் ஒரு கோடு.

"இது லாரியில இல்ல," என்றாள் மெதுவாக.

அவன் நிமிர்ந்தான். இமைகளில் மழைத்துளி... கோபத்திலும் கலங்காத கண்கள்.

"வரிசையில நில்லுங்க மேடம்."

"காலையில மிஷினச் சரிபார்க்க ஒரு சின்ன யூரோப்பியம் வில்லை வச்சிருப்பீங்களே... பெட்டிக்குள்ள திருப்பி வச்சாச்சா?"

அவன் கை மழைக்கோட்டுப் பைக்குள் போனது. வில்லை அங்கேதான் இருந்தது.

"மிஷின் கோளாறுன்னு எழுதிருங்க," என்றாள். "நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

"நாளைக்கு நெசமாவே மணி அடிச்சா? அப்பவும் கோளாறுன்னுதான நெனைப்பாங்க?"

தன் மறதியால்தான் மணி அடித்தது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை போகும் என்பது இருவருக்கும் தெரிந்தது. அவள் நீட்டிய தொலைபேசி எண்ணை வாங்கவில்லை.

"எனக்குப் பாவம் பாக்க வேண்டாம் மேடம்."

அடுத்த வாரமே வேலை போனது. இசக்கிராஜாவிடம் விசாரித்து, டிசம்பரில் ஒரு மாலை, முத்தையாபுரம் பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பிடித்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"இங்கன எங்க மேடம்?"

"பெனிஷா. மேடம்னு கூப்பிட்டா அடுத்த பஸ்ல போயிருவேன்."

"அந்தப் பக்கம் அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்..."

"தெரிஞ்சுதான் வந்தேன்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு முகம் வாடியது. "வேலயில்லாதவன்ட்ட வந்து என்ன பேசப்போறீங்க? உங்க வீட்ல சம்மதிப்பாங்களா? நாங்க கடக்கரைக்காரங்க... கோயிலும் வேற, நாங்க ஆர்.சி., நீங்க சி.எஸ்.ஐ."

"வீட்ல நான் பேசுவேன். பாவம் பாத்து வரல வளன். அன்னைக்கு நீங்க எழுதுன ரெண்டு வரியப் பாத்தேன்... அதுலேர்ந்து உங்க நெனப்புதான். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

அவன் போகவேண்டிய பேருந்து வந்து நின்று, போனது. அவன் ஏறவில்லை.

"எனக்கும்தான்," என்றான். "அன்னைக்கு நம்பர வாங்காம விட்டுட்டு... ராத்திரியெல்லாம் என்னயே ஏசிக்கிட்டேன்."

கிடங்கு வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மார்ச்சில் கருவி பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தான். ஆகஸ்டு 21 அன்று அவர்கள் திருமணம் பதிவானது. பெனிஷாவின் அப்பா வரவில்லை; அம்மா வந்திருந்தார்.