மூன்றாம் நம்பர் மாடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆக்லாந்தின் புறநகரான பாபடோயிட்டோயில் ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால், உள்ளே பஜனை நடக்கிறது அல்லது பஞ்சாயத்து நடக்கிறது. மரகதத்தின் வாசலில் குவிந்து கிடந்தால் மட்டும் அர்த்தம் வேறு. யாருக்கோ ஏதோ தலைபோகிற சிக்கல்.

மரகதம் விமான நிலையத்தில் பயணிகளின் செருப்பைத் திருப்பிப் பார்ப்பவர். அடியில் அயல்நாட்டு மண் ஒட்டியிருக்கிறதா, மடிப்பில் விதை ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு இந்த நாடு சம்பளம் கொடுக்கிறது. சம்பளம் இல்லாமலே அவர் கண்டுபிடித்தவை தெருவுக்குத்தான் தெரியும். தமிழ்ச் சங்கத்தின் பெரிய பிரஷர் குக்கர் மாயமானபோது, யார் வீட்டுப் பருப்பு திடீரென்று நன்றாக வேகத் தொடங்கியது என்பதை வைத்தே அதை மீட்டவர் அவர்.

அவருடைய வலது கை சுந்தரி. மூலையில் டெய்ரி நடத்துகிறாள். ஊருக்குப் புதிதாக வருபவர்கள் டெய்ரி என்றதும் மாட்டுப்பண்ணை என்று நினைத்துவிடுவார்கள். அது ரொட்டியும் சிப்ஸும் விற்கும் சாதாரணப் பெட்டிக்கடை. கடை ஃப்ரிட்ஜின் குளிரில் அவள் உள்ளங்கை வெடித்துப்போகும். அதனால் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் உறைந்த தேங்காய் எண்ணெய் இருக்கும். துப்பு துலக்குவதில் மரகதத்தைவிட அவளுக்குத்தான் ஆர்வம் அதிகம். குற்றவாளி யார் என்பதைக் குற்றம் என்னவென்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

அன்று காலை பால்கோவா கொண்டுவந்திருந்தாள்.

"என்ன சுந்தரி, இப்படி மஞ்சளா இருக்கு? குங்குமப்பூவா?"

"இல்லை அக்கா. நல்ல பாலெண்டால் அப்பிடித்தான். சாப்பிடுங்கோ."

மரகதம் ஒரு விள்ளலை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அந்த நேரத்தில்தான் சறோஜாவும் அவள் மகள் றோஷினியும் வந்தார்கள். சறோஜா அழுதிருந்தாள். மகள் அழவில்லை. அதுதான் இன்னும் கவலைக்குரியதாக இருந்தது.

"மரகதம் அக்கா, என்ரை பிள்ளையைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டினம்," என்றாள் சறோஜா. "நேற்று துரூரிக்கு அங்கால விவசாய ஷோவிலை பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு மாடு பாக்கிற போட்டி. சுந்தரியும் வடையோடை வந்தவள்தானே, கேளுங்கோ."

"ஓம் அக்கா! பின்னேரம் இவையின்ரை முகத்தைப் பாக்கேலாமல் போச்சு," என்றாள் சுந்தரி. "அந்த லின்ஃபீல்ட் பள்ளிக்கூடத்துப் பெடியன் ரிஷிதான் ஏதோ செய்திருக்கிறான். இவள் விழுந்தால் அவனுக்குத்தானே அணியிலை இடம்!"

மரகதம் பால்கோவாவைக் கீழே வைத்தார். "மாடு பாக்குற போட்டின்னா... நாலு மாட்டை நிக்கவெச்சு வரிசைப்படுத்தறதா? ஸ்டாக் ஜட்ஜிங்?"

றோஷினி நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமா, அன்ரி?"

தெரியுமாவா! நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் கல்லூரி அணியின் நால்வரில் மரகதம் ஒருவர். காக்கிப் பாவாடை, ரப்பர் பூட்ஸ், தலையில் வைக்கோல். முதலில் தூரத்தில் நின்று பார். பிறகு பக்கவாட்டில், பிறகு பின்னால். தொடுவது கடைசியில். முடிவு செய்தபின் மாற்றாதே. அப்புறம் நடுவர் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குறிப்பு எதுவும் இல்லாமல், ஏன் இதற்கு முதலிடம், ஏன் அதற்குக் கடைசி என்று இரண்டு நிமிடத்துக்குள் காரணம் சொல். பெங்களூர்ப் போட்டிக்கு ரயிலில் போகும்போது நால்வரும் எதிர் இருக்கைக்காரர்களை வரிசைப்படுத்திச் சிரித்த சிரிப்பில் டிக்கெட் பரிசோதகர் வந்து அதட்டினார். இதையெல்லாம் மரகதம் இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. அன்று பத்து நிமிடம் சொன்னார். சறோஜாவே அழுகையை மறந்து கேட்டாள்.

"சரி," என்று மரகதம் ஒருவழியாக ரயிலிலிருந்து இறங்கினார். "என்ன நடந்துச்சு, நீ சொல்லும்மா."

றோஷினி பாதி ஆங்கிலத்திலும் பாதி அம்மாவின் தமிழிலுமாகச் சொன்னாள். நான்கு ஜெர்சி மாடுகள். நடுவர் மிஸஸ் ஹாலோரன் காலையிலேயே பார்த்து வரிசை எழுதி உறையில் ஒட்டிவிட்டார். மாணவர்கள் ஒருவர் ஒருவராக உள்ளே போனார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் முடித்தாயிற்று, றோஷினியைத் தவிர. அவள் முறை சாப்பாட்டுக்குப் பிறகு.

"மற்ற எல்லாரும், நடுவரும்கூட, மூன்றாம் நம்பருக்கு முதலிடம். நான் கடைசி இடம். காரணம் கேட்டவை. மடி சுருங்கித் தொங்குது, பால் இல்லை எண்டு சொன்னேன். மிஸஸ் ஹாலோரன் சொன்னா, கொட்டகையிலேயே நிறைஞ்ச மடி அதுதானாம். நான் மாட்டைப் பாக்கவே இல்லையாம். மதியம் மரத்துக்குக் கீழை ஃபோனோடை இருந்ததை யாரோ கண்டவையாம், எங்கேயோ பாடமாக்கி வந்து ஒப்பிச்சேனாம்." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "இண்டைக்கு நாலு மணிக்கு, தெற்குத் தீவிலை நடக்கிற இறுதிப் போட்டிக்குப் போற ஆக்லாந்து அணியை அறிவிக்கினம். நான் கண்டதைத்தான் சொன்னேன், அன்ரி."

"மடியைப் பத்தி வேற என்ன சொன்னே? அப்படியே சொல்லு."

"காம்பு நல்ல பளபளப்பு எண்டு சொன்னேன். அதுக்கும் சிரிச்சவை. ஆனா உண்மை. கிட்டப் போனா அம்மா தலைக்குப் பூசுற மாதிரி ஒரு வாசம்கூட."

மரகதம் பதில் சொல்லவில்லை. சுந்தரியும் சொல்லவில்லை. இதில் இரண்டாவதுதான் அதிசயம்.

நால்வரும் மரகதத்தின் காரில் துரூரி போகும்வரையிலும் அதே அதிசயம் நீடித்தது. மோட்டர்வேயில் முந்திச் செல்கிற ஒவ்வொரு வண்டிக்காரனின் குலத்தையும் விசாரிக்கிற சுந்தரி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷோவின் இரண்டாம் நாள். கொட்டகைக்குள் வைக்கோலும் சாணமும் கலந்த வாசனை. மரகதம் வாசலிலேயே நின்று அதை ஒருமுறை ஆழமாக இழுத்துக்கொண்டார். பிறகு பத்தடி தள்ளி நின்று மூன்றாம் நம்பரைப் பார்த்தார். மடி பானைபோல நிறைந்திருந்தது. றோஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாடுகளின் சொந்தக்காரர் டொபின், வெயிலில் வெந்த கழுத்தும் நல்ல மனசுமாக ஒரு விவசாயி. மரகதம் ஜெர்சிப் பாலின் மஞ்சள் நிறத்தைப் பற்றி நாலு வார்த்தை பாராட்டியதும் அவர் பேச்சு மடை திறந்தது. போட்டி மாட்டுக்கு மடி நிறைந்து தெரியவேண்டும் என்பதற்காகக் காலையில் கறக்காமல் விடுவது வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் இயந்திரத்தில் கறந்தபோது மூன்றாம் நம்பர் பாதிகூடத் தரவில்லை.

"புது இடம், பயந்திருக்கும்னு விட்டுட்டேன்," என்றார் ஆங்கிலத்தில். "நேத்து நாளே சரியில்லை. பக்கத்துப் பட்டியில கன்னுக்குட்டிங்க இருக்கே, குழந்தைங்க புட்டிப்பால் கொடுக்க வந்தா ஒண்ணுகூட வாய் வைக்கலை. குழந்தைங்க கன்னைக் கயித்துல பிடிச்சுக் கூட்டிட்டு நடக்கிற போட்டியில ரெண்டு கன்னு அப்படியே படுத்துத் தூங்கிடுச்சு. நோயோன்னு பயந்துட்டேன். இன்னைக்குக் காலையில பாத்தா பேய்ப்பசி!"

"மதியச் சாப்பாட்டு நேரத்துல இங்க யாரும் இல்லையா?"

"எல்லாரும் சாசேஜ் வரிசையில நின்னோம். மூணாம் நம்பர் மட்டும் கத்திக்கிட்டே இருந்தது, அங்கவரைக்கும் கேட்டுச்சு."

ரிஷியும் அங்கேதான் இருந்தான். ஒல்லியான பையன், கண்ணாடி. மரகதம் கேட்பதற்கு முன்னாலேயே வந்து நின்றான். "ஆன்ட்டி, அவ பொய் சொல்லமாட்டா. எனக்கு ரீசன்ஸ் சொல்லப் பழக்கினதே அவதான். அவ வராத டீம்ல நான் போய் என்ன பண்றது?"

"நீ கையால பால் கறப்பியா?"

"கையாலயா?" பையன் தன் விரல்களையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "மெஷின் மாட்டத் தெரியும்."

நாலு மணிக்குச் சற்று முன் மரகதம் எல்லாரையும் கொட்டகைக்குள் அழைத்தார். மிஸஸ் ஹாலோரன் வெள்ளைத் தொப்பியும் பொறுமையின்மையுமாக வந்து நின்றார். டொபின், ரிஷி, சறோஜா, றோஷினி, கதவோரமாகச் சுந்தரி. மரகதம் கால்களைச் சற்று அகட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். குரல்கூட மாறியது. நாமக்கல் கல்லூரி மாணவி பேசத் தொடங்கினாள், நல்ல ஆங்கிலத்தில்.

"நடுவர் அவர்களே, இங்கே நான்கு விளக்கங்கள் வரிசையில் நிற்கின்றன. வழக்கத்துக்கு மாறாகக் கடைசி இடத்திலிருந்து தொடங்குகிறேன். கடைசி இடம், றோஷினி மாட்டைப் பார்க்கவில்லை என்ற விளக்கத்துக்கு. எங்கிருந்தோ மனப்பாடம் செய்து வந்த பெண், கேட்பவர் சிரிக்கும்படியாகக் காம்பு பளபளத்தது என்று ஏன் சொல்லவேண்டும்? கண்ணால் பார்த்தவள்தான் அதைச் சொல்வாள். ஆகவே மடி அப்போது காலியாகத்தான் இருந்தது. மாலையில் கறவை குறைந்ததும் அதனால்தான். இரவில் மடி மறுபடி ஊறிவிட்டது. சாட்சி தன்னைத்தானே அழித்துக்கொண்டது.

"மூன்றாம் இடம், மாட்டுக்காரர் கறந்தார் என்பதற்கு. அவர் இயந்திரத்தில் கறப்பவர். இயந்திரத்துக்கு எண்ணெய் தேவையில்லை. காம்பில் எண்ணெய் தடவியவர் கையால் கறந்தவர், காம்பு வலிக்கக்கூடாது என்று நினைத்தவர்.

"இரண்டாம் இடம், போட்டியாளர் சதி என்பதற்கு. பார்க்க வாட்டசாட்டமான விளக்கம்தான், நடக்கவிட்டால் நொண்டுகிறது. ரிஷிக்குக் கையால் கறக்கத் தெரியாது. அதைவிட முக்கியம், சதி செய்பவர் பாலைச் சாக்கடையில் ஊற்றுவார். இவர் கன்றுக்குட்டிகளுக்கு ஊற்றியிருக்கிறார். அதனால்தான் அவை வயிறு முட்டித் தூங்கின. பாலை வீணாக்க மனம் வராதவர், மாடு கத்துவதைக் கேட்கப் பொறுக்காதவர். இதில் கெட்ட எண்ணம் எங்கும் இல்லை."

மரகதம் நிறுத்தினார். யார் பக்கமும் திரும்பவில்லை. தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"முதலிடத்துக்கு நான் காரணம் சொல்லப்போறதில்லை. காலையில சாப்பிட்ட பால்கோவா நல்லா இருந்தது."

கதவோரத்தில் கைப்பை கீழே விழுந்தது.

"நான்தான்!" என்றாள் சுந்தரி. நாள் முழுக்கக் கடையில் பேசும் ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து அவளைக் கைவிட்டுவிட்டது. "மாடு கத்துது, மடி கட்டிப்போய் பால் தானாச் சொட்டுது, ஒருத்தரும் இல்லை. மறந்துபோய்ச் சாப்பிடப் போட்டினம் எண்டு நினைச்சன். வன்னியிலை எங்கடை சிவப்பியை இப்பிடி விட்டனாங்களே? வாளியிலை கறந்து கண்டுகளுக்கு ஊத்தினன். வடைத் தூக்குச்சட்டி காலியா இருந்தது, அதிலை கொஞ்சம்... நிறைய... எடுத்தன். வேணுமெண்டுதான் பால் நிறைய விட்டிருக்கினம் எண்டு ஆர் கண்டது? இண்டைக்குக் காலமை இவள் காம்பு எண்டு சொன்னாப் பிறகுதான் விளங்கினது. சறோஜா, உன்ரை முகத்தைப் பாத்து எப்பிடியடி சொல்லுறது? என்னைப் பொலிசிலை பிடிச்சுக் குடுங்கோ. நான் ஒரு மாட்டுப் பிறவி!"

மிஸஸ் ஹாலோரன் யாராவது சொல்லட்டும் என்று பார்த்தார். மொழிபெயர்க்க முன்வந்தவள் றோஷினி. கத்தியது, சொட்டியது, கறந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பொலிசையும் மாட்டுப் பிறவியையும் விட்டுவிட்டாள். "அவங்களுக்கு மாடு பாவமா இருந்ததாம். சாரி சொல்றாங்க," என்று முடித்தாள்.

சறோஜா சுந்தரியை முறைத்தாள். பிறகு, "பால்கோவா செய்தனி, எங்களுக்கு ஒரு துண்டு தந்தியாடி?" என்றாள். அவர்களுடைய முப்பது வருட நட்பு அந்தக் கேள்வியோடு ஒருவழியாகக் கரையேறியது.

மிஸஸ் ஹாலோரன் சும்மா நம்புகிற ஆள் இல்லை. டொபினிடம் திரும்பி, "கறங்க, பார்ப்போம்," என்றார். இயந்திரம் வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, பானைபோல இருந்த மடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, கடைசியில் காற்றுப் போன பலூனாகத் தொங்கியது. நடுவர் அம்மாள் பக்கவாட்டில் நின்று பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மற்ற மூன்றும் நிறைந்த மடியோடு நின்றால், நானும் இதைக் கடைசியில்தான் போடுவேன்," என்றார். "உறையில் இருக்கிற வரிசையை மாற்ற முடியாது. அந்த மதிப்பெண் போனது போனதுதான். ஆனால் காரணத்துக்கான மதிப்பெண் என் கையில் இருக்கிறது. தன் முன்னால் நின்ற மாட்டைப் பார்த்துச் சொன்னவள் இந்தப் பெண். நேற்று அவள் சொன்ன பிறகும் திரும்பிப் போய்ப் பார்க்காதவள் நான்." பிறகு றோஷினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தெற்குத் தீவு குளிரும். தடிமனான கோட்டு எடுத்துக்கொள்."

அப்போதுதான் றோஷினி அழுதாள். ரிஷி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாட்டைப் பார்த்தான்.

திரும்பும் வழியில் சுந்தரிக்குப் பேச்சு முழுதாக மீண்டுவிட்டது. பாதி தூரம் வருவதற்குள் இரண்டு லாரிக்காரர்களுக்குச் சாபம் கொடுத்துவிட்டாள். மரகதம் சிரித்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். சட்டையில் வைக்கோல் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. செருப்பின் அடியில் என்ன ஒட்டியிருந்தது என்று திருப்பிப் பார்க்க, ஊரார் செருப்பையெல்லாம் பார்க்கும் அந்த அம்மாளுக்கு அன்று மனமில்லை.

பின் இருக்கையிலிருந்து றோஷினி குனிந்தாள். "அன்ரி, ரீசன்ஸ் சூப்பர். ஒண்டு மட்டும் சொல்லவா?"

"சொல்லு."

"ரெண்டு நிமிசம் தாண்டிட்டுது. மார்க் வெட்டு."

மரகதம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஒருவன் ஹார்ன் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெங்களூர்லயும்," என்றார், "அதுக்குத்தான் வெட்டினாங்க."