கழுத்தோரத் தேமல்

"அண்ணாச்சி, தேமலுக்கு அந்த ஷாம்பு ஒண்ணு குடுங்க."

இரண்டு குரல்கள், ஒரே நேரத்தில். பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் ஒரே ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "இதான் கடைசி. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிடுங்க."

"அவுகளுக்கே குடுங்க," என்றான் கூடவே கேட்டவன்.

நனைந்த இமைகள்... அவசரமில்லாத கண்கள். அந்தக் கண்கள் கோமதித்தாயின் முகத்திலிருந்து மெல்ல இறங்கி, கழுத்தில் நின்றன. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கழுத்தோரம் வெளிறிய புள்ளிகள். டாக்டர் பார்த்ததுமே தேமல் என்றுதான் சொன்னார். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. கோவில் புற்றுமண்ணைக் குழைத்து, திங்கட்கிழமைதோறும் சந்நிதி வாசலிலேயே நிறுத்திப் பூசிவிட்டாள். பார்த்தவர்கள் வெண்குஷ்டம் என்று முடிவுகட்டினார்கள். இளையரசனேந்தல் ஊரில் பேசிவந்த சம்பந்தம் அதோடு நின்றுபோனது. பெண் பார்க்க வருமுன்பே அந்த வீட்டார் ஓர் ஆளை அனுப்பி நோட்டம் பார்த்தார்களாம்.

இப்போது இன்னொரு வீட்டில் பேச்சு நடக்கிறது. இவன் யார்...?

பிறகு தேரடியில் அவனைப் பார்த்தாள். அவள் வேலை பார்க்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் எதிரே, தறிக்கு நூல் ஏற்றிய சைக்கிளோடு பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே கண்கள், அதே கழுத்தோரத்தில். பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானது. புதன்கிழமை, பஸ் ஸ்டாண்டில் தூறலுக்குள் நின்றவனை நேராகப் போய்க் கேட்டுவிட்டாள்.

"யாரு அனுப்புனாக ஒங்கள?"

"யாரும் அனுப்பலியே."

"பொய் சொல்லாதீக. வெள்ளிக்கிழம வாரவுக ஆளுதான நீங்க? நல்லாப் பாத்துட்டுப் போய்ச் சொல்லுங்க. இது தேமல். வேர்வையில வளருத ஒரு காளான் கிருமி. ஒட்டுவாரொட்டி கெடையாது."

கரிவலம் பஸ் வந்தது, ஆள் ஏற்றியது, போயும்விட்டது. அவன் ஏறவில்லை.

"அந்த ஷாம்பு ஒங்களுக்குக் கேட்டுச்சா?" என்றான் கடைசியில்.

"எதுக்குக் கேக்கீக?"

சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். நெஞ்சில் அதே வெளிறிய புள்ளிகள்.

"எனக்குக் கேக்கல. ரெண்டு பாட்டில் தீந்துபோச்சு. முடிதான் பளபளன்னு இருக்கு."

"தலைக்கா தேச்சீக?"

"ஷாம்புன்னா தலைக்குத்தான தேப்பாக."

சிரிப்பை அடக்கப் பார்த்தாள். கண்கள் காட்டிக்கொடுத்தன. "தேமல் மேல தேச்சு, பத்து நிமிசம் ஊறவிட்டுக் கழுவணும். டாக்டர் சொல்லலியா?"

"சொல்லிருப்பாரு. வெக்கத்துல சீட்ட வாங்கிட்டு ஓடியாந்துட்டேன்."

"கிருமி செத்தாலும் தோல் நெறம் திரும்ப மாசக்கணக்காகும். அதுக்குள்ள கேக்கலன்னு விட்டுறாதீக." சட்டென்று மறுபடி சந்தேகம். "இதக் கேக்கவா இத்தன நாளு சுத்துனீக? மொத நாளே கேட்டுருக்கலாமே."

அவன் நனைந்த தரையைப் பார்த்தான்.

"மொதல்ல ஒங்களுக்குக் கொறையுதான்னுதான் பாத்தேன்... பெறகு தேமல் ஞாபகமே இல்ல." குரல் தணிந்தது. "ஒங்க வீட்டுல வந்து கேக்கணும்னு ஆச. ஆனா, மறைச்சுக் கட்டிக்கிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுல்ல. ஒங்ககிட்டக் காட்டிட்டுத்தான் வரணும்னு இருந்தேன். வாய் வரல."

அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள். ஓரிடம் விடாமல் தேடினாள்... கிடைக்கவில்லை.

"பேரு?"

"ஆறுமுகச்சாமி."

"வெள்ளிக்கிழம வாரவுக எனக்கு வேண்டாம்," என்றாள், மழையைப் பார்த்தபடி. "நாளைக்கே வாங்க. ஒங்க அம்மாவையும் கூட்டிட்டு."