இறக்கச் சொன்ன விரல்

இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டும் என்று கேட்கச் சிலம்பரசன் வாயைத் திறக்கவில்லை. வழக்கம்போல வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலைக் கீழே காட்டிச் சின்ன வட்டமாகச் சுற்றினான். கிரேனில் தொங்கும் சுமையை இறக்கச் சொல்லும் சைகை அது. தனகோட்டி சிரித்துக்கொண்டே தூக்குச்சட்டியைச் சாய்த்தான்.

"உங்க அக்கா பாத்தான்னா அந்த வெரல ஒடிச்சி அடுப்புல வச்சிடுவா. சோத்துலயும் இதே பொழப்பா?"

"எட்டு மணி நேரம் ஒங்களுக்குக் கை காட்டிகினே நின்னா, வாய் எங்க மாமா வரும்?"

அப்போதுதான் தனகோட்டி பார்த்தான். மைத்துனனின் முதுகுக்குப் பின்னால், பட்டறை கிரேனில் மேலே ஏற்றி நிறுத்தியிருந்த கொக்கி ஒரு சாண் இறங்கி நின்றது. அதை இயக்கும் பொத்தான் பெட்டி தன் கேபிளில் அசையாமல் தொங்கியது. பக்கத்தில் யாருமில்லை.

சுரங்கத்து கன்வேயர் கியர் பாக்ஸ்களைப் பழுது பார்க்கும் தனியார் பட்டறை அது. மூடிப்போன ஏதோ ஆலையிலிருந்து அந்தப் பழைய கிரேனை வாங்கி வந்தபோது, பத்து டன் தூக்குமா என்று மட்டும் பார்த்தார்கள். எவ்வளவு உயரம் தூக்கும் என்று யாரும் அளக்கவில்லை. தாழ்ந்த கூரைக்கடியில் கொக்கிக்கு முக்கால் அடி உயரம் குறைந்தது. கியர் பெட்டியை உட்கார வைக்கும் மரக்கட்டைகளை முன்பே அடுக்கி வைத்தால், பெட்டியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் அவற்றைத் தாண்டாது. எனவே பெட்டியைத் தூக்கி நிறுத்தியபின் ஒருவன் அடியில் குனிந்து அடுக்க வேண்டும். அந்த ஒருவன் சிலம்பரசன். பொத்தானை அமுக்குபவன் தனகோட்டி. சைகை காட்டும் கையைத் தவிர வேறெதையும் பார்க்காதே, வேறெவன் சொன்னாலும் கேட்காதே என்றுதான் அவனைப் பழக்கியிருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த மழை மற்ற எல்லாச் சத்தத்தையும் விழுங்கியது. ஈர நிலக்கரித் தூசியும் கியர் எண்ணெயும் கலந்த வாசனை தொண்டையில் ஒட்டியது. வெளிச்சம் மங்கி, கொக்கியின் நிழல் சிலம்பரசன் போகுமிடமெல்லாம் அவன் தோளிலேயே கிடப்பதுபோல் தனகோட்டிக்குத் தெரிந்தது.

சூப்பர்வைசர் சண்முகசுந்தரத்திடம் போய்ச் சொன்னான்.

"சார், ஹூக்கு தானா எறங்குதுங்க. இன்னிக்கு வேணாங்க."

"பிரேக் பாத்தாச்சுன்னு மெக்கானிக் எழுதிக் குடுத்திருக்கான்யா. அஞ்சு மணிக்கு லாரி வந்துடும். பயமா இருந்தா ரெண்டு பேரும் கேட் பாஸைக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

"அட விடுங்க மாமா," என்று சிலம்பரசன் கையுறையை மாட்டினான். "நான் காட்டாம நீங்க எறக்கிடுவீங்களா?"

ஆறு டன் பெட்டி எழும்பியது. முழு உயரத்தில் நின்றது. கட்டைகளோடு சிலம்பரசன் அடியில் புகுந்தான். உள்ளங்கையை விரித்து, நிறுத்து என்றான்.

தனகோட்டிக்கு மனம் கேட்கவில்லை. மின்சாரம் இல்லாவிட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஓடிப்போய் மெயினை அணைத்தான். மூன்று ஃப்யூஸையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இனி ஒன்றும் அசையாது.

திரும்பி வந்தபோது பெட்டிக்கு வெளியே அந்தக் கை நீண்டிருந்தது. விரல் கீழே பார்த்துச் சுற்றியது.

மேலே கம்பி வடம் முனகியது.

"டேய், கைய எடுறா! வெளிய வாடா!"

"நான் காட்டல மாமா." குரல் மெலிந்து வந்தது. "நான் காட்டலங்க."

சிலம்பரசனின் இடது கை வெளியே வந்தது. வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. விரலை மடக்கப் பார்த்தது. மடங்கவில்லை.

பெட்டி இறங்கியது. அவசரமே இல்லாமல். ஒரு விரற்கடை. இன்னொன்று.

தனகோட்டி சிவப்புப் பொத்தானைக் குத்தினான். செத்த பொத்தான். கையை எட்டிப் பிடித்து இழுத்தான். வரவில்லை. அடியிலிருந்து கட்டைகள் நெரியும் சத்தம். பிறகு கட்டை அல்லாத ஒன்றின் சத்தம்.

"மாமா."

அதற்குப் பிறகு மழை மட்டும்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ தனகோட்டியின் பையிலிருந்து ஃப்யூஸ்களை எடுத்துச் செருகினார்கள். ஏற்றும் பொத்தானை அமுக்கினார்கள். மோட்டார் உறுமியது. வடம் விறைத்தது. பெட்டி எழவில்லை.

தனகோட்டி எழுந்து நின்றான். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தன் விரலை மேலே உயர்த்திச் சுற்றினான். ஏற்று. கிரேனைப் பார்த்து. ஏற்று, ஏற்று. சண்முகசுந்தரமும் கையைத் தூக்கினார். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக. பதினோரு கைகள் கூரையைப் பார்த்துச் சுற்றின.

கிரேன் கேட்கவில்லை.

கீழே, பெட்டியின் விளிம்புக்கு வெளியே, முழங்கை வரை தெரிந்த கை வெளுத்துக் குளிர்ந்திருந்தது. விரல் தரையைப் பார்த்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.