இரண்டு வீட்டு விளக்கு

விளக்குகள் ஜெனிவீவுக்கு ஓர் அடி முன்னால் எரிந்தன. கூடத்திலிருந்து அவள் சமையலறைக்குப் போனால், வாசலைத் தொடும் முன்பே உள்ளே வெளிச்சம் வந்துவிடும். அங்கிருந்து படுக்கையறைக்குத் திரும்பினால் நடைவழி விளக்கும் அப்படித்தான், அவளுக்காக எரிவதுபோல் இல்லாமல், அவளுக்கு முன்னே நடந்து போகிற வேறொருத்திக்காக எரிவதுபோல் எரியும். கல்யாணமாகி வந்த புதிதில் இதை வசதி என்றுதான் நினைத்தாள். போகப் போக உறுத்தத் தொடங்கியது.

சிங்கப்பூரில், தெம்பனிஸில் ஒன்பதாவது மாடியில் இருந்த அந்த வீட்டை இப்படி அமைத்தவள் அபிகேல், லாசரஸின் முதல் மனைவி. அவள் இறந்து, வருட நினைவுப் பூசையும் முடிந்த பிறகுதான் லாசரஸ் ஜெனிவீவைக் கட்டிக்கொண்டான். விளக்கு ஒரு கம்பெனி, மின்விசிறி வேறு கம்பெனி, கதவுப் பூட்டும் திரைச்சீலையும் ரைஸ் குக்கரும் ஆளுக்கொரு கம்பெனி. ஒன்றோடொன்று ஒட்டாத அத்தனையையும் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வழியாகக் கோத்து, ஒரே குடும்பமாக்கி வைத்திருந்தாள் அபிகேல். கெட்டிக்காரி. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். விருந்துக்கு வந்த லாசரஸின் சொந்தக்காரர்கள் ஜெனிவீவ் சமைத்ததை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, தானாக மூடிய திரைச்சீலையைப் பார்த்து, "எல்லாம் அபி செஞ்சது" என்று பெருமூச்சு விட்டார்கள். ஜெனிவீவுக்கு வயிறு எரிந்தது. செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்ற வெட்கமும் இருந்தது. ஆனால் எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

எல்லாவற்றையும்விட மோசம் அந்தக் குரல். தினமும் இருட்டத் தொடங்கும்போது கூடத்து ஸ்பீக்கர் தானாகப் பேசும். அபிகேல் எப்போதோ பதிந்து வைத்தது.

"லாசர், ஜெபமாலைக்கு வாங்க."

லாசரஸ் என்ன செய்துகொண்டிருந்தாலும் எழுந்துவிடுவான். ஜெனிவீவ் சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாத மனுஷன், அந்தக் குரலுக்கு மட்டும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுவான். ஜெனிவீவோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"அதை எடுத்துடலாமேங்க" என்று ஒருநாள் கேட்டாள்.

"பழகிருச்சு லா, ஜெனி. வெறும் ரிமைண்டர்தானே."

"நான் கூப்பிட மாட்டேனா?"

அவன் எழுந்து போனான். திரு இருதய ஆண்டவர் படத்தின் முன் மண்டியிட்டு ஜெபத்தின் முன்பாதியைச் சொன்னான். பின்பாதியை அவள் சொன்னாள். ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கிற அந்த ஜெபமாலையில் மட்டும்தான் அவன் அவள் குரலுக்காகக் காத்திருந்தான். இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஓர் இடம்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

அவள் கைப்பேசியில் இருந்த வீட்டுச் செயலியில் உரிமையாளர் என்ற இடத்தில் இன்னமும் அபிகேல் பெயர்தான் இருந்தது. லாசரஸ் உறுப்பினர். ஜெனிவீவ் விருந்தினர்.

தேக்காவில் அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் கூட இருந்தவள் ருக்ஸானா. மத்தியானம் மீ கோரெங் சாப்பிடும்போது அவளிடம் இதற்கு வழி கேட்டாள்.

"ஆப்ல உன் பேர்ல புதுசா ஒரு வீடு திறந்து எல்லாத்தையும் சேர்த்துக்க" என்றாள் ருக்ஸானா. "ஆனா சேர்த்தா மட்டும் பத்தாது. இப்பெல்லாம் எந்த பிராண்டா இருந்தாலும், ஒரே லைட் ரெண்டு வீட்டுக்கும் அடங்கி நடக்கும்."

"ரெண்டு வீட்டுக்குமா?"

"ஆமா லா. சில ஆம்பளைங்க மாதிரி." ருக்ஸானா சிரித்தாள். "பழைய வீடு போகணும்னா ஒவ்வொன்னையும் ரீசெட் பண்ணணும். ஒன்னைக்கூட விட்டுடாத. விட்டா அதுல பழைய வீடு உயிரோட இருக்கும்."

ஜெனிவீவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை லாசரஸ் வேலைக்குப் போயிருந்தான். மத்தியானத்திலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. அவள் நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொரு பல்பையும் கழற்றி, மாட்டி, அது கண்சிமிட்டித் தன்னை மறக்கும்வரை காத்திருந்தாள். மின்விசிறி, திரைச்சீலை, குக்கர், பூட்டு, ஸ்பீக்கர் என்று எல்லாவற்றிலும் பொத்தானை அழுத்திப் பிடித்தபோது விரல் வலித்தது. அந்த வலியும் இதமாகத்தான் இருந்தது. கடைசியில் வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கிச் சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டாள். ஒன்பது மாடியும் சுவரில் முட்டி முட்டி அது கீழே போகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

மிச்சம் இருந்தது பீடத்து விளக்கு. திரு இருதயப் படத்தின் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு, அதுவும் அபிகேல் மாட்டியதுதான். ஜெனிவீவ் கையை நீட்டினாள். வீட்டை மந்திரித்த அன்று பங்குச் சாமியார் ஏற்றிவைத்த விளக்கு அது. அவள் பிறந்த வீட்டிலும் பீடத்து விளக்கை யாரும் அணைத்துப் பார்த்ததில்லை. அபிகேலுக்கு அவள் பயப்படவில்லை, ஆண்டவருக்குப் பயந்தாள். கையை இழுத்துக்கொண்டாள். இத்தனூண்டு பல்பு என்ன செய்துவிடப் போகிறது?

செயலியில் புது வீடு திறந்தது. உரிமையாளர் ஜெனிவீவ். நாற்காலியில் சாய்ந்து, மின்விசிறியை வேகமாக வைத்து, கண்ணை மூடினாள். பல மாதங்களுக்குப் பிறகு மனசு குளிர்ந்தது.

மின்விசிறி மெதுவானது.

அவள் கண்ணைத் திறந்தபோது வெளியே மழை நின்றிருந்தது, வானம் மங்கியிருந்தது, கூடத்தில் சிவப்பு வெளிச்சம் மட்டும் இருந்தது. சமையலறையில் ரைஸ் குக்கர் 'டக்' என்றது. அதன் பின்னால் ஒரு மணம் வந்தது, வறுத்த பெலாச்சான் இறால் விழுதும் மிளகாயும் சேர்ந்த சம்பால் மணம். அவள் சம்பால் அரைப்பதில்லை. அபி கைச் சம்பால் மாதிரி வராது என்று லாசரஸ் ஒருமுறை சொன்ன பிறகு அரைத்ததே இல்லை.

கைப்பேசியைப் பார்த்தாள். பட்டியலிலிருந்து மின்விசிறி போயிருந்தது. பிறகு குக்கர். பிறகு திரைச்சீலை, அது மூடிக்கொண்ட சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பீடத்து விளக்கு ஒருமுறை சிமிட்டியது. பூட்டும் போனது.

கதவுக்கு ஓடிக் கைப்பிடியைத் திருப்பினாள். அசையவில்லை. உள்பக்கத்திலும் இருந்த ரேகைத் திரையில் பெருவிரலை வைத்தாள். சிவப்பு. மறுபடி வைத்தாள். சிவப்பு.

திரும்பி நடந்தாள். நடைவழி விளக்கு எரியவில்லை. நின்று கையை ஆட்டினாள். எரியவில்லை. அவள் அங்கே இருப்பதாக அந்த வீட்டுக்குத் தெரியவில்லை.

அப்புறம் சமையலறையில் விளக்கு எரிந்தது. உள்ளே யாரும் இல்லை. அது அணைந்து, நடைவழி விளக்கு எரிந்தது. நிதானமாக, ஒரு பெண் நடக்கிற வேகத்தில். ஜெனிவீவ் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஏதோ ஒன்று சில்லென்று அவளைக் கடந்து போனது. சம்பால் மணத்தோடு.

கூடத்தில் விளக்கு எரிந்தது.

வெளியே லாசரஸின் காலடி கேட்டது. அவன் விரலுக்குப் பூட்டு உடனே திறந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னங்க."

லாசரஸ் செருப்பைக் கழற்றினான். மணத்தை இழுத்து முகர்ந்து முகம் மலர்ந்தான். அவள் அவன் எதிரே போய் நின்றாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் சட்டையில் ஒரு மடிப்புகூட விழவில்லை.

"லாசர்" என்று கத்தினாள். முதல் முறையாக.

அவன் ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டான். "ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு, அபி" என்றான்.

"பக்கத்து வீடாத்தான் இருக்கும்" என்றது குரல். ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. "லாசர், ஜெபமாலைக்கு வாங்க."

அவன் போய் மண்டியிட்டான். முன்பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

தன் இடம். ஜெனிவீவ் வாயைத் திறந்தாள். பின்பாதி அத்தனையும் நாக்கில் இருந்தது. சத்தம் வரவில்லை.

அவன் பக்கத்திலிருந்து வேறொருத்தி அதைச் சொன்னாள். அவசரமில்லாமல், தெளிவாக. ஜெபத்தில் 'எங்கள் மரண வேளையிலும்' என்ற இடத்துக்கு வந்தபோது மட்டும் குரல் கொஞ்சம் நின்றது, யாரோ திரும்பி ஜெனிவீவைப் பார்க்கிற நேரம்.

மற்ற விளக்குகள் அணைந்தன. பீடத்து விளக்கு மட்டும் எரிந்தது. ஜெனிவீவ் அதற்கு நேர் முன்னால்தான் நின்றாள். எதிர்ச் சுவரில் மண்டியிட்டபடி இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. வேறு நிழல் எதுவும் அங்கே இல்லை.