மூன்று கோடு போட்ட பக்கம்

சிவமலர் மாடிப்படி ஏறிப் போனதைத் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே நாகேஸ்வரி பார்த்துவிட்டாள். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருபது வருடமாகச் சாறிச் சட்டை தைக்கிறவளுக்கு அது கைவந்த கலை. மகனை எரித்து ஒன்பது நாளே ஆன ஒரு தாய், சனிக்கிழமை மத்தியானம் மரக்கறிக்கடைப் பையோடு மேலே போகிறாள் என்றால் பைக்குள் நிச்சயம் மரக்கறி இல்லை.

மேலே இருப்பவர் சிவானந்தன். லண்டன் ரயில்களிலும் பஸ்களிலும் சனம் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைச் சேர்த்துவைக்கும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குடையின் பிடியைப் பார்த்தே அதன் சொந்தக்காரர் இடக்கைக்காரர் என்று சொல்லக்கூடியவர். தெருவில் யாருக்கு எது விளங்காவிட்டாலும் அவரிடம் போவது வழக்கம். போகிறவர்களுக்குப் பின்னால் நாகேஸ்வரி தேத்தண்ணிப் போத்தலோடு போவதும் வழக்கம்.

இந்த முறை அவளுக்கு ஆவலோடு ஒரு குத்தலும் இருந்தது. 'பெடியன் தானாத்தான் பாய்ஞ்சவனாம்' என்ற கதைக்குக் கொக்கி, வளையமெல்லாம் தைத்துத் தெருவில் இறக்கிவிட்டவளே அவள்தான்.

"கோயில் பாக்கப் போறன் எண்டுதான் அண்ணை போனவன்," என்று சிவமலர் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆர்ச்வே முருகனிட்டை வா எண்டால் ரயில் மாறவேணும், தலையிடி எண்டுவான். அப்பிடியான என்ரை பிள்ளை அபிஷன் ஜப்பானிலை ஒரு மலைநாட்டு ஊருக்கு, பேரும் எனக்கு வாயிலை வராது, அங்க கோயிலும் அருவியும் பாக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டான்."

நாகேஸ்வரி போத்தலை மேசையில் வைத்துவிட்டு, யாரும் இருக்கச் சொல்லாத கதிரையில் இருந்தாள். மீதிக் கதை அவளுக்கு மனப்பாடம். அப்டன் பார்க் பெண்வீட்டார் பார்க்க வருவதாக நாள் குறித்திருந்தது. வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னான், தாய் கேட்கவில்லை. அவன் பிளேன் ஏறிவிட்டான். வியாழக்கிழமை அவர்கள் வந்து, மாப்பிள்ளை இல்லாத வீட்டில் வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"அண்டிரவு எட்டு மணிக்கு மெசேஜ் போட்டன்," என்றாள் சிவமலர். "'இனி என்ரை வாசல் மிதிக்காதை. எனக்கு மகன் இல்லை' எண்டு."

"பாத்தவனோ?" என்றார் சிவானந்தன்.

"நீலச் சரி ரெண்டும் விழுந்தது. பதில் இல்லை. அங்க அப்ப வெள்ளி விடியப்பறம். சனி காலமை பாலத்தடியிலை எடுத்தவை. எங்க விழுந்தவன் எண்டு பொலிசுக்கும் தெரியாதாம். அறிக்கையை இங்கிலீசிலை தந்திருக்கினம்."

பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்த அறிக்கை. ஊர் வரைபடம் ஒன்று. முதுகுப்பை, அதன் வாரில் சப்பாத்துச் சோடி தொங்கியது. கடைசியாக, வாய் இறுக மூடும் பிளாஸ்டிக் பைக்குள் நீலத் துணி அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம். விசிறிபோல மடிந்து விரியும் ஒரே நீளத் தாள் அது. அங்குள்ள கோயில்களில் அதை நீட்டினால் தூரிகையால் கறுப்பு மையில் எழுதி, மேலே சிவப்பு முத்திரை குத்திக் கொடுப்பார்கள்.

"பாருங்கோ," என்று சிவமலர் அட்டையைத் திறந்தாள். "முதல் மூண்டு மடிப்பும் வெறுமை. புதுக்கொப்பியிலை பிள்ளையார் சுழிக்கு நாங்கள் இடம் விடுற மாதிரி விட்டிருக்கிறான். அதிலையாவது என்ரை பிள்ளையா இருந்திருக்கிறான். அடுத்தது ஆமை முத்திரை. பக்கத்திலை மூண்டு கோடு, திருநீறு பூசின மாதிரி. அதைப் பாத்தால் கொஞ்சம் ஆறுதல்." மடிப்பு மடிப்பாக ஆறு கோயில்கள் கடந்தன. "இதுதான் கடைசி. அருவி முத்திரை. வரைபடத்திலை பாருங்கோ, இந்தக் கோயில் மலை உச்சியிலை. கீழை பள்ளம், ஆறு. கும்பிட்டிட்டுப் பாய்ஞ்சிருக்கிறான் அண்ணை. சப்பாத்தும் காலிலை இல்லை. அங்க சாகப் போறவை சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் போவினமாம், தெருவிலை கதைக்கினம்."

நாகேஸ்வரி போத்தல் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"வேற ஆரிட்டையாவது புத்தகத்தைக் காட்டினனீங்களோ?"

"காட்டினால் ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும்," என்ற சிவமலர், நாகேஸ்வரி பக்கம் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டாள். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் எட்டு நாள் கிடக்கு. நான் அவனைச் சாகடிச்சனானோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. சாகடிச்சனான் எண்டால் அந்தச் சடங்கிலை நான் நிக்கமாட்டன். எனக்கு அந்த உரிமை இல்லை."

சிவானந்தன் சப்பாத்தைத் தூக்கி உள்ளே விரல் விட்டார். இரண்டு காலுறைகள், அழகாகச் சுருட்டியபடி.

"இந்த முடிச்சு நீங்கள் போட்டதோ?"

"இல்லை. அப்பிடியேதான் வந்தது. பையும் அவன்ரை முதுகிலைதான் இருந்ததாம்."

"ஆரோ தள்ளியிருப்பினம் அண்ணை!" நாகேஸ்வரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "தனியப் போன பெடியன், தெரியாத இடம்..."

"நாகேஸ், தேத்தண்ணியை ஊத்துங்கோ."

அவர் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு புத்தகத்தை மேசை நீளத்துக்கு விரித்து வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தின் மேலும் குனிந்தார். வெறும் மடிப்பு ஒன்றுக்குள் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்தார், முகம் அசையவில்லை. வரைபடத்தின் அடியில் அதைச் செருகிவைத்தார். சிவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாகேஸ்வரி எதையும் துடைத்துக்கொண்டிருக்கவில்லை.

"தங்கச்சி," என்றார் கடைசியில், "அவன் பாயேல்லை."

சிவமலர் நிமிர்ந்தாள்.

"முதலிலை சப்பாத்து. சாகப் போறவன் சப்பாத்தைச் சுமந்துகொண்டு போவானோ? காலுறையைச் சுருட்டி உள்ளுக்கை வைச்சு, வாரிலை ரெண்டு முடிச்சுப் போட்டிருக்கிறான். புத்தகத்தைத் தண்ணி போகாத பையிலை மூடியிருக்கிறான். ஆத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பவும் சப்பாத்துப் போட நினைச்சவன் செய்யிற வேலை இது."

"ஆனால் அருவிக் கோயில் மலையிலை எல்லோ அண்ணை? அங்க கடக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அதுதான் கேள்வி. இந்தக் கோட்டைப் பாருங்கோ." ஆமைப் பக்கத்தில் விரலை வைத்தார். "திருநீறு எண்டியள். பெட்டி மாதிரி ஒரு எழுத்துக்கு மேலை நிக்குது. மற்றப் பக்கங்களிலும் அதே பெட்டி இருக்கு. நடுப் பக்கங்களிலை அதுக்கு மேலை எத்தனை கோடு?"

சிவமலர் குனிந்தாள். "ரெண்டு."

"அருவிப் பக்கத்திலை?"

"ஒண்டு."

"ஒண்டு, ரெண்டு, மூண்டு. அவையும் எங்களை மாதிரிக் கோடு போட்டுத்தான் எண்ணத் தொடங்கினவை. அது தேதி, தங்கச்சி. ஒக்டோபர் முதலாம் தேதி அருவி. மூண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஆமை. புத்தகத்தை நீங்கள் பின்னாலை இருந்து பாத்திருக்கிறியள். அவையின்ரை புத்தகம் வலப்பக்கத்தாலை தொடங்கும். உங்கடை பிள்ளையார் சுழிப் பக்கம் அவன் விட்ட இடமில்லை. அவன் போகாத கோயில்களுக்கான இடம்."

மேசையில் வைத்த தேத்தண்ணியில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

சிவானந்தன் வரைபடத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். காகிதத் துண்டு அவருடைய உள்ளங்கைக்கு மாறியதை ஒருத்தி மட்டும் கண்டாள். "ஆமைக் கோயில் ஊருக்குள்ளை, ஆத்தங்கரையிலை. அதுக்கு முன்னாலை ஆத்துக்குக் குறுக்கை ஆமை மாதிரி வெட்டின கல்லுகள், வரிசையா. படத்திலையும் போட்டிருக்கினம். பாலம் எண்டால் இருபது நிமிசம் சுத்தவேணும். பஸ் அக்கரையிலை. நாலு பத்து எண்டு அவனே பேனையாலை வட்டம் போட்டிருக்கிறான். மேலை ரெண்டு நாள் மழை, தண்ணி உயர்ந்திருந்தது எண்டு அறிக்கை சொல்லுது. கல்லு தண்ணிக்குள்ளை மறைஞ்சிருக்கும். அவன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இறங்கியிருக்கிறான். வழுக்கியிருக்கு. அவ்வளவுதான்."

சிவமலர் அழுதாள். மகன் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழவில்லை என்று தெருவில் பேச்சிருந்தது. யார் தொடக்கிய பேச்சு என்று கேட்கவேண்டியதில்லை.

பிறகு புத்தகத்தை எடுத்து, வலப்பக்க அட்டையைத் திறந்து, அருவியில் தொடங்கி மடிப்பு மடிப்பாக மகன் நடந்த வழியே விரலால் போனாள். ஆமையில் விரல் நின்றது.

"இருபது நிமிசம் நடந்திருக்கலாமே," என்றாள். "அவனுக்கென்ன அப்பிடி அவசரம்?"

"அங்க பின்னேரம் அந்த ஒரு பஸ்தான்போல," என்றார் சிவானந்தன்.

அவள் நம்பினாள். சடங்குக்கு வரும்படி இருவரையும் அழைத்துவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கீழ்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் நாகேஸ்வரி கையை நீட்டினாள். அவரும் மறுக்கவில்லை.

ஆங்கிலத்தில், பெடியனின் அவசரக் கையெழுத்தில் இரண்டே வரி. சனி மாலை ஆறு மணி, ஹீத்ரோ. நேரே அம்மாவிடம்.

"புதன்கிழமை எல்லோ அவன் வாறதா இருந்தது?" என்றாள். சொல்லி முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. "அம்மாட்டை வரத்தான் ஓடினவனோ? அண்ணை, இதைக் குடுத்திருக்கலாமே! கோவம் இல்லாமல் வெளிக்கிட்டவன் எண்டாவது அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"எப்ப வெளிக்கிட்டவன்? மெசேஜைப் பாத்த பிறகு. அது போகாட்டி, புதன் வரைக்கும் ஆறுதலாக் கோயில் பாத்திருப்பான். பாலத்தாலை நடந்திருப்பான்." அவர் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். "எனக்கு இருபத்தாறு வருசப் பழக்கம், நாகேஸ். பொருளைச் சொந்தக்காரரிட்டைக் குடுத்துத்தான் ஆகவேணும். இதையும் குடுக்கத்தான் வேணும். ஆனால் அந்தச் சடங்கிலை தாய் நிண்ட பிறகு. அதுவரைக்கும் உங்களிட்டை இருக்கட்டும்."

"என்னட்டையோ?" வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு ஒரு செய்தி வேண்டாமென்று இருந்தது. "என்னைத் தெரிஞ்சுமோ?"

"தெரிஞ்சுதான். அந்தச் சப்பாத்துக் கதையைத் தெருவிலை ஆர் விட்டது எண்டும் தெரியும்."

நாகேஸ்வரி கீழே வந்து பொத்தான் டப்பாவைத் திறந்து, அடியில் காகிதத்தை வைத்தாள். அவள் ஊசி கோக்குமுன்பே சந்திரவதனா வந்துவிட்டாள். மூன்று கிழமையாகத் தைத்து முடியாத சட்டை ஒன்று அவளுக்கு எப்போதும் இந்தக் கடையில் இருக்கும்.

"சிவமலரக்கா அழுதுகொண்டு போறா. மேலை என்னவாம்?"

"பெடியன் பாயேல்லையாம். ஆறு கடக்கேக்கை கல்லு வழுக்கினதாம். எல்லாருக்கும் சொல்லு. நான் சொன்னது பிழை எண்டும் சொல்லு."

சந்திரவதனா கதிரையை இழுத்துப் போட்டாள். "அவ்வளவுதானோ? ஏனாம் ஆத்துக்குள்ளை இறங்கினவன்?"

நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"அவ்வளவுதான்," என்று மெஷினை மிதித்தாள். டப்பாவின் மூடி காகிதத்தில் தடுக்கிச் சரியாக இறுகவில்லை. இடக்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் தைத்தாள். தையல் கோணல்மாணலாகப் போனது.